கிழட்டுக் கூயின் மூச்சு

முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

நெலிதா அடுப்படியில் குந்தி உட்கார்ந்து உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். வெளியே சுள்ளென்று மத்தியான வெயில். உள்ளே தைலமர விறகின் புகை ஓட்டுக் கூரையில் முட்டிக்கொண்டு, வெளியேற வழி தெரியாமல் திரும்பக் கீழே இறங்கி, அவித்த சோளத்தின் வாசனையோடும் கூய் என்னும் கினிப்பன்றிகள் மெல்லும் குதிரைமசால் தழையின் பச்சை வாசனையோடும் கலந்து கண்ணைக் கரித்தது. அந்தப் புகைக்குள்ளிருந்துதான் சத்தம் வந்தது. ஆழமாக, அவசரமே இல்லாமல், அடிவயிற்றிலிருந்து இழுத்த மூச்சு.

"வந்துட்டியா? உக்காரு, கிழங்கு இப்ப வெந்துடும்" என்றாள், திரும்பிப் பார்க்காமலே. புருஷன் அபிலியோ என்றுதான் நினைத்தாள்.

மறுபடி அதே மூச்சு. இந்தத் தடவை அதன் வால்முனையில் ஒரு விசில் சத்தம், நூல் மாதிரி மெல்லிசாக.

கத்தி கையிலேயே நின்றுவிட்டது. நெலிதா திரும்பினாள். யாரும் இல்லை. பாதி திறந்த கதவு வழியாக வெயில் ஒரு பட்டையாக விழுந்து கிடந்தது. தரையில் எந்நேரமும் கூய் கூய் என்று கத்திக்கொண்டு காலைச் சுற்றி ஓடும் கினிப்பன்றிகள் அத்தனையும் சுவர் மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒண்டிக்கொண்டிருந்தன. ஒன்றுகூடத் தழை மெல்லவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில், பழைய கம்பளி விரித்த பழப்பெட்டிக்குள், பாஞ்சோ மட்டும் தனியாகப் படுத்திருந்தது.

பாஞ்சோ அந்த வீட்டுக் கிழவன். கறுப்பு ரோமம் சாம்பலாகி, மீசை வெளுத்து, ஒரு கண்ணில் பால் ஊற்றினாற்போல் புரை விழுந்த கூய். அதன் விலா எலும்பு மெதுவாக மேலே ஏறியது. மெதுவாக இறங்கியது. இறங்கி முடியும் இடத்தில் அந்த விசில்.

அந்த விசிலை நெலிதாவுக்குத் தெரியும். ஒரு குளிர்காலம் முழுக்க, புருஷனின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அது எப்போது நின்றுபோகுமோ என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்ட விசில் அது.

அப்போது மகள் லுஸ்மிலா தவழ்கிற குழந்தை. அபிலியோ மேலே சுரங்கத்தில் வேலைபார்த்து, கல்தூசியை நெஞ்சுக்குள் நிரப்பிக்கொண்டு வீடு வந்து சேர்ந்திருந்தான். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போய் நல்லா பாத்துக்கோங்க என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று நெலிதாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஊர் வைத்தியக்காரி க்ளெமென்சியாவைக் கூப்பிட்டார்கள். அவள் கூட்டத்தில் கறுப்பாக ஓர் ஆண் கூயாகப் பார்த்துப் பிடித்து, சீக்கு அதற்குள் இறங்கும்படி உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை அபிலியோவின் மேல் தடவி எடுத்தாள். நெஞ்சின்மேல் வைத்து அழுத்தித் தேய்த்தாள். கூய் கீச்சிட்டது. பிறகு அடங்கியது. அபிலியோவின் விசில் அந்த நிமிஷமே நின்றது.

வழக்கமாகத் தடவும்போதே கூய் செத்துப்போகும். இது சாகவில்லை. க்ளெமென்சியா முகத்தைச் சுளித்தாள். "சாகாததுக்கு வேலை ஜாஸ்தி. இப்பவே கொண்டுபோய் வயித்தைத் திற. உள்ளே இருக்கிறதைக் காத்துல காட்டு. ஓடைக்கு அந்தாண்ட புதை. திரும்பிப் பாக்காம வா" என்றாள்.

நெலிதா கொண்டுதான் போனாள். ஓடைக்கரையில் கத்தியையும் எடுத்தாள். ஆனால் அந்தப் பிராணி அவள் மடியில் நடுங்கிக்கொண்டு அண்ணாந்து அவளையே பார்த்தது. வீட்டில் என் மனுஷன் எழுந்து உட்கார்ந்து சூப்பு குடிக்கிறான், அவனுக்கு மூச்சைக் கொடுத்த ஜீவன்மேல் நான் கத்தியை வைப்பதா என்று மனசு கேட்டது. அவள் வேறொரு கூயைக் கொண்டுவந்து அறுத்துப் புதைத்தாள். க்ளெமென்சியாவிடம் ஆச்சு தாயி என்று சொல்லிவிட்டாள். உயிரோடு விட்ட இந்தப் பாஞ்சோவைக் குழந்தையின் கையில் விளையாடக் கொடுத்தாள். நன்றி என்றுதான் நினைத்தாள், பாவி.

லுஸ்மிலா வளர்ந்தாள், பள்ளிக்கூடம் போனாள். கூயும் கூடவே வளர்ந்தது. அந்த ஊரில் கூய் என்றால் வருஷம் திரும்பும் முன்னால் சட்டிக்குப் போகிற சாமான். மீசை நரைக்கும்வரை கூய் வளர்த்த வீடு அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் அபிலியோவின் தங்கை தெல்மிரா பால் வாங்க வந்தவள், பெட்டியை எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்ன மதினி, மாமனார் இன்னும் போய்ச் சேரலையா? இதுக்குப் பென்ஷன் ஏதும் வருதா?"

"சும்மா இரு தெல்மிரா. லுஸ்மி காதுல விழுந்தா அழுவா."

"அழட்டும். திருவிழாவுக்கு இதை வறுத்து வச்சேன்னு வையி, விருந்தாளிக்கெல்லாம் பல்லு போயிரும்" என்று சொல்லிக்கொண்டே பெட்டிக்குள் விரலை நீட்டினாள். சட்டென்று இழுத்துக்கொண்டாள். சிரிப்பு முகத்திலேயே காய்ந்தது. "என்ன மதினி இது, குறட்டையா? மனுஷக் குறட்டை மாதிரியில்ல இருக்கு."

பால் செம்பை வாங்காமலே போய்விட்டாள்.

சந்தை நாளில் நெலிதா பாஞ்சோவைச் சால்வையில் முடிந்து முதுகில் கட்டிக்கொண்டு ஹௌஹா பட்டணத்துக்குப் பஸ் ஏறினாள். அங்கே கால்நடை மருந்துக் கடைக்காரன் கெட்டிக்காரன். வழியெல்லாம் அது அவள் பிடரியில் மூச்சு விட்டது. சூடாக, ஈரமாக. முன் சீட்டுக்காரி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். நெலிதா ஜன்னலுக்கு வெளியே பார்க்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள்.

கடைக்காரன் பாஞ்சோவை மேஜைமேல் வைத்து வாயைத் திறந்தான். பல்லைத் தொட்டுப் பார்த்தான். "வயசாச்சும்மா. சளி கொஞ்சம் கட்டியிருக்கும், சொட்டு மருந்து தர்றேன்" என்றவன், சும்மா ஒரு சடங்குக்காகக் குழாயை அதன் நெஞ்சில் வைத்தான். வைத்த இடத்தில் அப்படியே இருந்தான். கடையில் கோழித்தீவன மூட்டைகளுக்கு நடுவே ஒரு வண்டு சுற்றிச் சுற்றிப் பறந்தது. வெகுநேரம் கழித்துக் குழாயைக் காதிலிருந்து எடுத்தான்.

"கூயோட மூச்சு தையல் மிஷின் கணக்கா ஓடும்மா. எண்ணவே முடியாது. இது நான் விடறேனே, நீங்க விடறீங்களே, அந்த மாதிரியில்ல விடுது." மருந்தும் தரவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். "கொண்டுபோயிடுங்க. இங்க வைக்காதீங்க."

வீட்டுக்கு வந்தபோது முற்றத்தில் அபிலியோ சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருந்தான். வாரக் கடைசியில் புனிதை சாந்தா ரோசாவின் திருவிழா. அந்தப் பள்ளத்தாக்கில் எத்தனையோ வாத்தியக் கோஷ்டிகள் உண்டு. ஆனால் அபிலியோவின் நீள சுரத்துக்கு என்றே மேலூரிலிருந்தும் கீழூரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். பாட்டின் நடுவில் மற்ற வாத்தியமெல்லாம் அடங்கிவிடும். அவன் மட்டும் ஒற்றைச் சுரத்தைப் பிடிப்பான். பிடித்தால் விடமாட்டான். பெண்கள் நெஞ்சில் கைவைத்துக்கொள்வார்கள், குடிகாரர்கள் தொப்பியை வானத்தில் எறிவார்கள். சுரங்கத்தூசி தின்ற நெஞ்சிலிருந்து இத்தனை மூச்சா என்று பாதிரியாரே அதிசயப்பட்டிருக்கிறார். அபிலியோவும் புனிதை கொடுத்த மூச்சு, அவளுக்கே திருப்பித் தருகிறேன் என்று ஒவ்வொரு திருவிழாவுக்கும் வாசிப்பதாக நேர்ந்துகொண்டிருந்தான்.

முற்றத்தில் அவன் நீள சுரத்தைப் பிடித்தான். நெலிதாவின் முதுகில் ஏதோ இறுகியது.

சால்வையை அவிழ்த்து மடியில் போட்டுப் பார்த்தாள். பாஞ்சோவின் விலா உள்ளே போய்க்கொண்டிருந்தது. போய்க்கொண்டே இருந்தது. பிழிந்த துணிப்பை மாதிரி ஒட்டி, எலும்பு ஒவ்வொன்றாகத் தோலுக்கு மேல் எழும்பி நின்றது. புரையில்லாத கண் பிதுங்கியது. முற்றத்தில் சுரம் நின்றது. கூய் விலுக்கென்று உடம்பைத் தூக்கி மூச்சை இழுத்தது. விசில்.

மறுபடி சுரம். மறுபடி விலா உள்ளே.

"எப்படி இருக்கு நெலி?" என்று முற்றத்திலிருந்து அபிலியோ கத்தினான். "இந்த வருஷம் பாரு, புனிதையே பல்லக்குல இருந்து எறங்கி ஆடுவா!"

இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தும் பார்க்காமல்போன ஒவ்வொன்றும் நெலிதாவின் கண்முன் வரிசையாக வந்து நின்றது. மலை ஏறினால் இவனுக்கு இரைப்பதே இல்லை. அந்த நோய்க்குப் பிறகு குறட்டை விட்டதே இல்லை. உறைபனி விழுகிற காலையில் ஊரே வாயால் புகை விட்டுக்கொண்டு நடக்கும். இவன் வாயில் புகை பார்த்த ஞாபகமே அவளுக்கு வரவில்லை.

மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு அபிலியோ வெயில் காயச் சுவரோரமாகச் சாய்ந்து கண்ணயர்ந்தான். அவள் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நெஞ்சைப் பார்த்தாள். சட்டைப் பொத்தான்கள் அசையவில்லை. கண்ணாடியை மூக்கடியில் பிடித்தாள். அவள் சொந்த மூச்சு பட்டு ஓரம் மங்கிற்று. அவன் பக்கம் பளிச்சென்று இருந்தது. பிடித்தாள். பிடித்துக்கொண்டே இருந்தாள். பளிச்சென்றே இருந்தது.

அபிலியோ கண்ணைத் திறந்தான்.

"என்னடி, செத்துட்டேனான்னு பாக்கறியா?" என்று சிரித்தான்.

அவளும் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள்? உள்ளே அடுப்படியில், பழப்பெட்டிக்குள், கூய் விட்டு விட்டு மூச்சிரைத்தது. அவன் சிரிப்புக்குச் சரியாக.

"இந்தத் திருவிழாவுக்கு நீ வாசிக்க வேண்டாம்" என்றாள், குரலை இழுத்துப் பிடித்துக்கொண்டு. "எனக்கு மனசு சரியில்ல. கேளு."

"ஊர் பூரா எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கு, நேர்ந்துகிட்ட கடன் வேற. உனக்கு மனசு சரியில்லன்னு புனிதைக்கு யாரு போய்ச் சொல்றது, நீயா?" அவள் கன்னத்தைத் தட்டினான். அவன் கை கதகதப்பாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இந்தக் கையை அவள் இழக்கத் தயாராக இல்லை.

க்ளெமென்சியாவின் வீடு ஓடைக்கு மேலே. அவள் வாசலில் கோக்கா இலை மென்றுகொண்டு, நெலிதா சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்து, மென்றதைத் தூரத் துப்பினாள்.

"என்கிட்ட ஆச்சு தாயின்னு சொன்னியே."

"சொன்னேன் தாயி. பாவமா இருந்துச்சு."

"பாவமா இருந்துச்சா. கறிக்கு அறுக்கறப்ப இல்லாத பாவம், இதுக்கு எங்கேருந்து வந்துச்சு?" கிழவியின் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் கூடுதலாக இருந்தது. "சீக்கு மட்டும் தனியா வராது. மூச்சையும் இழுத்துக்கிட்டுத்தான் வரும். வயித்தைத் திறந்தா சீக்கு மண்ணுக்குப் போகும், மூச்சு அவன்கிட்டயே திரும்பும். நீ திறக்கல. அது அங்கேயே குடும்பம் நடத்திக்கிட்டு இருக்கு."

"இப்பத் திறந்தா?"

"திரும்புமோ, மாட்டேன்னு சொல்லுமோ. எனக்குத் தெரியாது."

"தானா செத்துப்போச்சுன்னா?"

க்ளெமென்சியா எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்துமுன் நின்றாள். "அந்த மூச்சுக்கு இருக்க ஒரு நெஞ்சுக்கூடு வேணும்மா. கூய் சாகறதுக்கு முந்தி நீ திற. அவன் வாசிக்காத நேரமாப் பாத்துத் திற."

திறந்தால் அபிலியோ விழுந்துவிடுவானோ? திறக்காவிட்டால் என்னவோ? நெலிதா இரண்டுக்கும் நடுவில் கிடந்து தவித்தாள். பாஞ்சோ தழையைத் தொடவில்லை. மற்ற கூய்கள் இப்போது அடுப்படிக்கே வருவதில்லை, வெளியே குளிரில் விறகுக்கட்டுக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டன. லுஸ்மிலா பள்ளிக்கூடம் விட்டதும் நேரே பெட்டிக்குத்தான் ஓடுவாள். அதைத் தூக்கிக் கம்பளிச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, "குளிருதும்மா அவனுக்கு. என் நெஞ்சுல வச்சாத்தான் விசில் அடிக்காம இருக்கான்" என்பாள். நெலிதா பிடுங்கிப் பெட்டியில் போடுவாள். பிள்ளை அழுவாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மறுபடி சட்டைக்குள் இருக்கும்.

திருவிழா அன்று தலைவலி என்று சொல்லி நெலிதா வீட்டிலேயே தங்கினாள். அபிலியோ வெள்ளைச் சட்டை போட்டு, வாத்தியத்தைத் துடைத்துப் பளபளவென்று தோளில் மாட்டிக்கொண்டு, லுஸ்மிலாவின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினான். "பூசை முடிஞ்சதும் ஆரம்பிச்சுடுவோம். தலைவலி போச்சுன்னா வந்துடு. நீ இல்லாம நான் யாருக்கு வாசிக்கறது?" என்று சந்து முனையிலிருந்து கத்தினான்.

சாயங்காலப் பூசை நடக்கும் நேரம். அதுதான் அவள் குறித்துவைத்த நேரம்.

கத்தியைக் கல்லில் தீட்டினாள். முற்றத்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்து வெந்நீர் வைத்தாள். உட்கார்ந்தாள். பெட்டி அடுப்புக்கு அந்தப்பக்கம் இருந்தது, கம்பளி மூடியிருந்தது. எழுந்து நாலு எட்டு வைத்தால் போதும். கத்தியைத் திரும்பவும் தீட்டினாள். அபிலியோவின் முகம் வந்தது. கோயிலில் மண்டியிட்டிருப்பான், பக்கத்தில் பிள்ளை. இவள் இங்கே கத்தியை இறக்கும் நொடியில் அவன் அங்கே குப்புற விழுந்தால்? யார் தூக்குவார்கள்? என்னவென்று சொல்வார்கள்? ஜெபம் சொல்லப் பார்த்தாள், பாதியில் வார்த்தை மறந்தது. கங்கு ஒன்று வெடித்தது. வெந்நீர் கொதித்து வற்றிக்கொண்டிருந்தது.

கோயில் மணி அடித்தது. பூசை முடிந்துவிட்டது.

இனி நேரமில்லை. நெலிதா எழுந்தாள். கம்பளியை விலக்கினாள்.

பெட்டி காலி.

அப்போதுதான் காதில் உறைத்தது. வெகுநேரமாக அடுப்படியில் மூச்சுச் சத்தமே இல்லை.

"லுஸ்மி!"

பின்கட்டு அறையில் கட்டில்மேல் அப்பாவின் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு பிள்ளை உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாக வந்திருக்க வேண்டும். முழங்காலில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

"அப்பா பூசைல இருந்தாரு. நான் ஓடி வந்துட்டேன். பாஞ்சோ தனியா இருப்பானேன்னு. நீ தண்ணி எடுக்கப் போனப்ப தூக்கிட்டு வந்துட்டேன்" என்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "தூங்கிட்டான்மா. எழுந்திருக்க மாட்டேங்கறான்."

சட்டைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினாள். கறுப்பும் சாம்பலுமாக, விறைத்து, ஒரு கையளவுக்குச் சுருங்கிப்போன கூய். எடையே இல்லை. வாய் பெரிதாகத் திறந்திருந்தது.

"கடைசியா பெருசா ஒரு மூச்சு விட்டான்மா. என் மூஞ்சிமேலயே. சூடா இருந்துச்சு."

நெலிதா அதைத் தட்டிவிட்டுப் பிள்ளையை வாரிக்கொண்டாள். நெற்றியைத் தொட்டாள். நெஞ்சில் காதை வைத்தாள். மூச்சு சீராகத்தான் வந்தது. பிள்ளையின் மூச்சு, வேகமாக, விக்கலோடு. வேறொன்றும் இல்லை. அப்படியானால் அபிலியோ? அவள் தலையைத் தூக்கிக் காதைத் தீட்டிக்கொண்டாள். இப்போது சதுக்கத்தில் கூச்சல் எழும். யாராவது ஓடிவருவார்கள். நெலிதா, நெலிதா, உன் புருஷன் என்று.

யாரும் வரவில்லை. வாணம் ஒன்று வெடித்தது. யாழ் மீட்டினார்கள். கிளாரினெட் சேர்ந்தது. பிறகு, எல்லாவற்றுக்கும் மேலே, குஷாலாக, துள்ளிக்கொண்டு, அபிலியோவின் சாக்ஸபோன்.

நெலிதா அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். சிரித்தாள். புனிதையின் பேரைச் சொல்லி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். இருக்கிறான். மனுஷன் உயிரோடு இருக்கிறான். பிள்ளையும் இருக்கிறாள். செத்தது ஒரு கிழட்டுக் கூய், அவ்வளவுதான். பயந்தது போதும். பிள்ளையை அடுப்படிக்குத் தூக்கிவந்து பால் காய்ச்சிக் கொடுத்தாள். "குடிடி அம்மாடி. குடிச்சிட்டு நாமளும் போகலாம். அப்பா வாசிக்கறதைக் கேக்கலாம்."

லுஸ்மிலா ஒரு வாய் குடித்தாள். இரண்டாவது வாய்க்குக் கோப்பையைத் தூக்கியவள் அப்படியே நின்றாள்.

சதுக்கத்தில் மற்ற வாத்தியங்கள் அடங்கிவிட்டன. நீள சுரம் தொடங்கியிருந்தது.

கோப்பை விழுந்தது. பிள்ளையின் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அவள் நெஞ்சு உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது. கம்பளிச் சட்டை தொளதொளவென்று தொங்கியது. உதடு வெளுத்தது. நீலமானது. அம்மாவின் கையைப் பிடித்த விரல்கள் இறுகின, நகம் பதிந்தது. சதுக்கத்தில் கைதட்டல். சுரம் நின்றது.

லுஸ்மிலா மூச்சை இழுத்தாள். முடியுமிடத்தில் விசில்.

நெலிதா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். செருப்பில்லை, சால்வையில்லை. சந்தில் கல் குத்தியது. குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்திருந்த ஒருத்தன் வாழ்த்துச் சொல்லி சிச்சா சாராயத்தை நீட்டினான். தட்டிவிட்டாள். அடுத்த சுரம் தொடங்கியது. தோளில் இருந்த உடம்பு விறைத்தது. "நிறுத்து! அபிலியோ! நிறுத்து!" வாணங்கள் வெடித்தன. முகமூடி போட்ட ஆட்டக்காரர்கள் வழி மறித்துச் சுற்றினார்கள், இவளும் ஆட வந்தவள் என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். உதறினாள். பிள்ளை மூச்சை இழுத்தாள். விசில். காதுக்குள்ளேயே விசில்.

"வழி விடுங்க! எம்புள்ள! வழி விடுங்கய்யா!"

தெல்மிராதான் முதலில் பார்த்தாள். "பாருங்க, மதினி வந்துட்டா! அண்ணே, இங்க பாரு, உன் பொண்டாட்டி!" என்று குதூகலமாகக் கத்தினாள். கூட்டம் சிரித்துக்கொண்டே விலகியது. எல்லாருடைய வாயிலும் அந்தக் குளிரில் வெள்ளை வெள்ளையாகப் புகை.

மேடைமேல் அபிலியோ நின்றான். வியர்வையில் முகம் மின்னியது. கூட்டத்தின் விளிம்பில் மனைவியைப் பார்த்தான். தோளில் மகள். தலைக்கு மேலே கையை ஆட்டி ஆட்டி, வாயைத் திறந்து திறந்து அவள் என்னவோ சொல்கிறாள். வாணச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. தலைவலி போய் வந்துவிட்டாள். சந்தோஷம் தாங்காமல் கத்துகிறாள். அவன் முகம் அப்படியே மலர்ந்தது. மற்றவர்களுக்குக் கையைக் காட்டி அடக்கினான். தொப்பியைக் கழற்றி அவர்கள் இரண்டு பேருக்கும் வணக்கம் வைத்தான்.

"இது என் வீட்டுக்காரிக்கும் என் பொண்ணுக்கும்" என்றான். இதுவரை யாரும் கேட்காத நீளத்துக்கு வாசிக்கப்போவதாகச் சொன்னான்.

கண்ணை மூடிக்கொண்டான். வாத்தியத்தை வாயில் வைத்தான்.

நெலிதாவின் உள்ளங்கைக்கு அடியில் குழந்தையின் விலா எலும்புகள் உள்ளே போயின. ஊரே கைதட்டியது. சுரம் நீண்டது. எலும்பு ஒன்றோடொன்று வந்து ஒட்டின. இன்னும் போயின.